பல் தடம்

அக்சாவின் இடது கையில் நாலு இடத்தில் பல் பதிந்திருந்தது. மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் நடுவில் ஒன்று ஆறி, ஒன்று கன்றி, இரண்டு இன்னும் சிவப்பாக.

"யார் கண்ணு கடிச்சா?" என்று கேட்டாள் பரிபூரணம்.

"எங்க கிளாஸ் ஹரிகிருஷ்ணன்" என்றது அந்த நாலு வயசுக் குழந்தை, அவள் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

பக்கத்தில் தாய் வின்சி தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். கூமாப்பட்டியிலிருந்து பஸ் மாறி ஸ்ரீவில்லிபுத்தூர் வந்த களைப்பு என்று பரிபூரணம் நினைத்துக்கொண்டாள். குழந்தைகளின் நடத்தையைச் சோதித்துச் சொல்லும் வேலையில், களைத்துப்போன தாய்மார்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள்.

வின்சியை உள்ளே வந்ததுமே அடையாளம் தெரிந்துவிட்டது. மணிக்கட்டில் பிறை மாதிரி அதே தழும்பு. இருபத்து நாலு வருஷத்துக்கு முன்னால் இதே அறையில், ஏழு வயசுப் பிள்ளையாக, "தம்பி கடிச்சான்" என்று இந்தக் கையைத்தான் நீட்டினாள்.

தம்பி பென்சனுக்கு அப்போது நாலு வயசு. கடிக்கிறான், கோழிக்குஞ்சைத் தண்ணீரில் அமுக்குகிறான், வைக்கோல் படப்புக்குத் தீ வைத்துவிட்டான் என்று அவர்கள் அம்மா அடுக்கினாள். யார் பார்த்தது என்று கேட்டால் எல்லாவற்றுக்கும் "அவன் அக்காதான்" என்றாள்.

பையன் "நான் இல்ல" என்பதைத் தவிர வேறு எதுவும் பேசவில்லை. அதற்கு நேரே 'பொய் சொல்கிறான்' என்று எழுதினாள் பரிபூரணம். அடியில் 'நடத்தைக் கோளாறு' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டாள்.

அவன் போகும் இடத்துக்கெல்லாம் அந்தக் காகிதம் முன்னால் போனது. வகுப்பில் எது காணாமல் போனாலும் அவன் பையைத்தான் முதலில் கொட்டினார்கள். வீட்டில் வைத்துக்கொள்ளப் பயந்து ராஜபாளையத்தில் ஒரு விடுதியில் சேர்த்தார்கள். பன்னிரண்டு வயசில் அங்கிருந்து ஓடினவன்தான், இன்றுவரை ஒரு தகவலும் இல்லை.

பாலர் பள்ளி ஆசிரியைகளுக்குப் பயிற்சி கொடுக்கும்போதெல்லாம், பேர் சொல்லாமல் அவன் கதையைச் சொல்வாள் பரிபூரணம். விளையும் பயிர் முளையிலே தெரிந்தது, நாம்தான் போதுமானது செய்யவில்லை என்று முடிப்பாள். திரும்பி வரும்போது பஸ் ஸ்டாண்டில் படுத்துக் கிடக்கும் வாலிபர்களின் முகத்தைக் குனிந்து குனிந்து பார்ப்பாள். "நான் இல்ல" என்ற அந்தக் குரல் மட்டும் அவளை விட்டுப் போகவே இல்லை.

கடிக்கிற இந்தப் பையனையாவது ஒழுங்காகக் கரையேற்ற வேண்டும். புதுப் படிவம் ஒன்றை எடுத்து, மேலே ஹரிகிருஷ்ணன் என்று எழுதினாள்.

"ஸ்கூல்ல அந்தப் பையனை என்ன செய்யப் போறாங்களாம்?"

"டி.சி. குடுத்து அனுப்பப் போறாகளாம். நீங்க ஒரு வார்த்தை எழுதிக் குடுத்தாப் போதும்னு டீச்சர் சொன்னாக."

"அவன் அம்மாவை அவனைக் கூட்டிட்டு வரச் சொல்லு. நான் பாக்க வேண்டியது அவனைத்தான்."

"வேண்டாம் மேடம். எம் பிள்ளையைப் பாருங்க."

வின்சி எழுந்து, அக்சாவை வெளியே பொம்மைகள் கிடந்த இடத்தில் விட்டுவிட்டு வந்து கதவைச் சாத்தினாள். உட்காரவில்லை.

"நேத்து ஞாயித்துக்கிழமை. ஸ்கூல் கிடையாது. சர்ச்சுக்குக் கெளம்புற நேரம், செத்த நேரமா பிள்ளைய காணலையேன்னு குளிக்கிற ரூம்ல எட்டிப் பாத்தேன். தன் கையைத் தானே கடிச்சுக்கிட்டிருந்தா. கடிக்கும்போது அழலை மேடம். தடம் விழுந்திருக்கான்னு திருப்பிப் பாத்துட்டு, பொறவுதான் அழ ஆரம்பிச்சா."

பரிபூரணம் பேனாவைக் கீழே வைத்தாள்.

"சின்னப் பிள்ளை. மனசுல ஏதோ பயம் இருக்கும், பேசிச் சரி பண்ணிரலாம்" என்றாள். "ஆனா வின்சி, கையில காயத்தோட வர்ற பிள்ளையை யாரும் சந்தேகப்பட மாட்டாங்க. உனக்கு மட்டும் எட்டிப் பாக்கணும்னு எப்படித் தோணுச்சு?"

வின்சி அந்தப் படிவத்தை எடுத்து இரண்டாகக் கிழித்தாள்.

"எந் தம்பியவும் நான் இப்படித்தான் அனுப்பி வச்சேன், மேடம்."