மனதைத் தொட ஓர் ஆள்

புற்றுநோய் மருத்துவமனையின் ஓய்வறையில், ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த வேட் தொப்பியைக் கழற்றினான். தலையில் பெயருக்கு ஒரு முடி இல்லை. எதிரே இருந்த அன்னிகா பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள்.

"இன்னிக்கு சாப்பாடு இறங்குச்சா?" என்றான் அவன்.

"ம், இறங்குச்சு." கேட்க வேண்டியவள் இவள். வாரா வாரம் அவன் முந்திக்கொள்கிறான்.

"இங்க குடுக்கிற ஜெல்லியத் தின்னா நோயே பயந்து ஓடிடும்" என்று சிரித்தான். அன்னிகாவும் சிரித்து வைத்தாள்.

மருத்துவக் கல்லூரிகள் இரண்டு வருடமாக அவளைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தன. மதிப்பெண்ணில் குறையில்லை. படிப்புக்கு வெளியே என்ன செய்தாய் என்ற இடத்தில்தான் இடறியது.

"மளிகைச் சீட்டு மாதிரி எழுதிட்டு வந்திருக்கியேம்மா" என்று உதட்டைப் பிதுக்கினார் விண்ணப்ப ஆலோசகர் மிசஸ் பெக்மன். "நாய்க் காப்பகம், ரத்த தான முகாம், நிதி திரட்ட மொட்டை. ஊர்ல எல்லாப் பிள்ளைங்களும் இதத்தான் போடுதுங்க. மனசத் தொடுற மாதிரி ஒரு ஆளப் பத்தி எழுது. ரெண்டு மாசத்துக்குள்ள வேணும்."

அன்னிகாவின் செம்பட்டை முடி போனதுதான் மிச்சம். மின்னசோட்டா குளிரில் குல்லாவையும் மீறிக் காது விறைத்தது.

அதன் பிறகுதான் நோயாளிகளுக்குத் துணையாக உட்காரும் இந்தத் தொண்டு. தொண்டர்களின் நீல அங்கியை வாசலிலேயே கழற்றி மாட்டச் சொல்லிவிடுவார் நர்ஸ். அந்த அறைக்குள் மருத்துவமனை நினைப்பே வரக்கூடாதாம். நோயைப் பற்றி நாமாக வாயைத் திறக்கக் கூடாது. தனியாக இருப்பவர் பக்கத்தில் போய் உட்கார வேண்டும், அவ்வளவுதான்.

உட்கார்ந்தாள். வேட் பிடி கொடுத்தால்தானே!

"உங்களப் பத்திச் சொல்லுங்களேன்" என்று மறுபடி ஆரம்பித்தாள்.

"என்னத்தச் சொல்ல? லீவுல வீடில்லாதவங்களுக்கு வீடு கட்டப் போவேன். சனிக்கிழமை அகதிப் பிள்ளைங்களுக்குப் பாடம். அத விடுங்க. உங்களுக்கு ராத்திரி தூக்கம் வருதா?"

இந்த உடம்போடு இவ்வளவா! அன்னிகாவின் பட்டியல் இவனுடையதுக்கு உறை போடக் காணாது.

"தூக்கமெல்லாம் வருது. நீங்க பேச்ச மாத்தாதீங்க."

"குளிருதா? உதடு வெளுத்துப் போச்சே." அவள் மறுப்பதற்குள் நாற்காலியில் கிடந்த போர்வையை எடுத்து அவள் தோளைச் சுற்றிப் போர்த்திவிட்டான்.

அன்னிகாவுக்கு அழுகையே வந்துவிட்டது. சாகக் கிடக்கிறவன் இவளுக்குப் போர்வை போர்த்துகிறான். இதில் இவள் செய்த தொண்டு என்னவென்று எழுதுவது?

ஆனாலும் மனதைத் தொடும் ஆள் என்றால் இவன்தான். வெட்கத்தை விட்டுக் கேட்டுவிட வேண்டியதுதான்.

"வேட், ஒண்ணு கேக்கணும். தப்பா எடுத்துக்கக் கூடாது."

அவன் முகம் சிவந்தது. "நானும் ஒண்ணு கேக்கணும்னுதான் இத்தன நாளா தவிச்சிட்டிருக்கேன்."

நோயாளிக்குத்தானே முதலிடம்? "நீங்களே முதல்ல கேளுங்க" என்றாள்.

வேட் தொப்பியைக் கையில் வைத்துத் திருகினான். அவள் குல்லா விளிம்பில் முளைவிட்டிருந்த முடியை இரக்கத்தோடு பார்த்தான்.

"என் மெடிக்கல் காலேஜ் அப்ளிகேஷன்ல உங்களப் பத்தி எழுதிக்கட்டுமா?"