பக்கத்து சீட்

அப்பாவின் பெல்ட்டை நானே இறுக்கினேன். தோளுக்கு இரண்டு பட்டை, இடுப்புக்கு இரண்டு.

“மூச்சு முட்டுது” என்றார்.

“அப்படித்தான் இருக்கணும்னு அண்ணன்கிட்ட நீங்கதானே சொல்வீங்க?”

கதவு இல்லை, கூரை இல்லை, ரேடியோ இல்லை. இரண்டு பேர் சேர்ந்தால் தள்ளிக்கொண்டே போய்விடலாம், அவ்வளவு லேசான கார். என் வயதைவிட அதிக காலம் அது அப்பாவின் கார். சாவி எந்த ஆணியில் தொங்குகிறது என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். எடுக்கத்தான் யாருக்கும் துணிச்சல் கிடையாது.

பதினாறு வயதில் ஒருநாள் அதில் ஏறி உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்தேன். வந்திருந்த விருந்தாளிகள் பார்க்க, புறங்கையில் ஓங்கி ஒரு அடி கொடுத்தார். “பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இந்த வேலை?”

எல்லாரும் சிரித்தார்கள். அண்ணனும்.

முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு அப்பாவால் கிளட்சை மிதிக்க முடியவில்லை. காரை அண்ணனுக்குத்தான் கொடுத்தார். ஏசி இல்லாத காரை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவன் கையை விரித்துவிட்டான். வேறு வழியில்லாமல் அது என்னிடம் வந்தது.

மாதாமாதம் டிரெய்லரில் ஏற்றி, ஜீப்பில் மாட்டி, அப்பா ஓட்டிப் பழகிய இந்த ரேஸ் டிராக்குக்கு இழுத்து வந்தேன். முதலில் கிண்டல் செய்தவர்கள் பிறகு வழிவிட்டார்கள். எந்த வளைவில் இது வாலை ஆட்டும், எங்கே அடங்கும் என்பதெல்லாம் என் முதுகுக்கே தெரிந்துவிட்டது.

“அவ சும்மா உருட்டிட்டு வருவா” என்று அப்பா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் மறுத்துப் பேசவில்லை. என்றைக்காவது பக்கத்தில் உட்கார வருவார், அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

இன்று வந்தார்.

அம்மாவும் வந்தாள். அதுதான் ஆச்சரியம். அந்தக் காரின் கிட்டேகூட வரமாட்டாள் அவள். தலை கலைந்துவிடும் என்று பயம் என அப்பா கேலி செய்வார். இன்று காலையில் தானாகவே செருப்பை மாட்டிக்கொண்டு ஜீப்பின் பின்சீட்டில் ஏறிக்கொண்டாள். வழியெல்லாம் பின்கண்ணாடி வழியாக, டிரெய்லரில் கட்டிக் கிடந்த காரையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

கொடிக்காரர் கையசைத்தார். கிளம்பினேன்.

முதல் வளைவுக்கு முன்னால் அப்பா கையை நீட்டி, “இங்க பிரேக்!” என்று கத்தினார். நான் மிதிக்கவில்லை. அவர் எப்போதும் மிதிக்கும் இடத்தைத் தாண்டி, இன்னும் கொஞ்சம் தாண்டி, அதன் பிறகுதான் மிதித்தேன். பெல்ட் அவரைப் பிடித்து நிறுத்தியது.

இரண்டாவது வளைவில் நீட்டிய கையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

பெரிய வளைவில் காரின் பின்பக்கம் வெளியே வழுக்கியது. விட்டேன். கொஞ்ச நேரம் வேண்டுமென்றே விட்டுவைத்துப் பிறகு பிடித்தேன். அப்பாவின் கை பக்கத்துக் கம்பியை இறுகப் பிடித்திருந்தது.

என்னை அடித்த கை.

நேர்ப்பாதையில் காற்று எங்கள் இரண்டு பேரின் மார்பிலும் ஏறி உட்கார்ந்தது. அப்பா என் முழங்கையைத் தொட்டார்.

“போதும்மா. நிறுத்தும்மா.”

நெஞ்சு குளிர்ந்தது. இதற்குத்தான் இத்தனை மாதம். கேட்டது கிடைத்துவிட்டது. வேகத்தைக் குறைத்து வண்டிகள் நிற்கும் இடத்துக்குள் திருப்பினேன்.

அம்மா சுவரோரமாக நின்றிருந்தாள். தண்ணீர் பாட்டிலோடு வந்தாள். அப்பா ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுக் குடித்தார். பாதித் தண்ணீர் சட்டையில் கொட்டியது. அம்மா அவர் கையையே பார்த்தாள்.

பிறகு என் பக்கம் வந்து குனிந்தாள்.

“நிறுத்தச் சொன்னாரா?”

“சொன்னாரு. உடனே வந்துட்டேன்.”

அவள் முகத்தில் சந்தோஷமில்லை. நான் ஏதோ தப்புச் செய்துவிட்டது போல இருந்தது.

“கல்யாணமான புதுசுல நான் எதிர்த்து ஒரு வார்த்தை பேசினாப் போதும், உங்கப்பா பதில் பேசமாட்டாரு. சாவியை எடுப்பாரு. இதே சீட்டுல உக்கார வெச்சு மலை ரோட்டுக்குக் கூட்டிட்டுப் போவாரு. நிறுத்துங்க, நிறுத்துங்கன்னு கத்துவேன். நான் மன்னிப்புக் கேக்கிற வரைக்கும் நிறுத்தமாட்டாரு. நீ வயித்துல இருந்தப்பகூட.”

“பழசையெல்லாம் இப்ப எதுக்கு...” என்று அப்பா ஆரம்பித்தார்.

அம்மா சுற்றிக்கொண்டு அவர் பக்கம் போனாள். மடியில் கிடந்த ஹெல்மெட்டை எடுத்து அவர் தலையில் வைத்தாள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்குப் பொத்தான் போடுவது போல, மோவாய்க்குக் கீழே வாரைப் பொறுமையாக மாட்டினாள். அப்பா தடுக்கவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை.

“அவர் சொன்னா நிறுத்தாதே” என்றாள் அம்மா. “நான் இங்கேயே நிக்கறேன். கை காட்டறேன். அப்ப நிறுத்து.”

கிளம்பினேன். இந்தத் தடவை முதல் வளைவிலேயே அப்பா நிறுத்தச் சொல்லிக் கேட்க ஆரம்பித்துவிட்டார்.

சுற்று முடிந்து நேர்ப்பாதைக்குள் வந்ததும் சுவர்ப் பக்கம் பார்த்தேன்.

அம்மா அங்கேதான் நின்றிருந்தாள், இரண்டு கைகளையும் கட்டிக்கொண்டு.