வீட்டுக்குள் ஒரு எதிர்க்கட்சி

"ஜன்னல் திரையை எதுக்கு இழுத்து மூடுறீங்க? உள்ளே அப்படி என்ன நடக்குது?"

தையல் டீச்சருக்குத் தூக்கிவாரிப் போட்டது. கேட்டவர் வேறு யாருமில்லை, சாப்பாட்டு மேஜைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்த அவளுடைய கணவர்தான்.

"வெயில் அடிக்கும். அதான்," என்றாள்.

"மழை பெய்யும்போதும் மூடித்தானே இருக்கு?"

எல்லாம் நாளைக்கான ஒத்திகை. நகராட்சி சமுதாயக் கூடத்தில் வாரம் ஒரு நாள் அவள் பெண்களுக்குத் தையல் வகுப்பு நடத்திவந்தாள். முக்காடு போட்ட பெண்கள் கூடிக் கூடிப் பேசுகிறார்கள், பார்க்கவே பயமாக இருக்கிறது என்று யாரோ புகார் கொடுக்க, வகுப்பை நிறுத்திவிட்டார்கள். நாளை மாலை நகராட்சிக் கூட்டத்தில் அவள் பேச மூன்று நிமிடம் கொடுத்திருந்தார்கள். பேச்சு எடுபடாவிட்டால் வகுப்பு அவ்வளவுதான். வீட்டை விட்டு வெளியே வர அந்த வகுப்பைத் தவிர வேறு சாக்கு இல்லாத பெண்கள் அதில் பாதிப் பேர்.

பள்ளிவாசல் கமிட்டிக்காரர்கள், "நீங்களே பேசுங்கம்மா. நாங்க பேசினா, பார்த்தியா, பொம்பளைங்களைப் பேச விடமாட்டாங்கன்னு அதுக்கு ஒரு புகார் வரும்," என்று சொல்லிக் கழன்றுகொண்டார்கள்.

எதிர்த்துக் கேள்வி கேட்க ஒரு ஆள் வேண்டும் என்று அவள் சொன்னதும், அப்போதுதான் டாக்ஸியை நிறுத்திவிட்டு வந்த கணவர், "நான் கேக்குறேன்," என்று உட்கார்ந்தார். அவள் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டாள். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத மனிதர். கடைக்காரன் அழுகின தக்காளியைத் தலையில் கட்டினாலும் நன்றி சொல்லி வாங்கி வருகிறவர். இவராவது, எதிர்த்துக் கேட்பதாவது.

ஆனால் அவர் கேட்ட கேட்பில் அவளுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

"உண்மையைச் சொல்லிடுங்களேன் அண்ணி," என்றாள் நேரம் பார்க்கச் செல்போனும் கையுமாக உட்கார்ந்திருந்த நாத்தனார்.

"சில பேர் முக்காட்டைக் கழட்டி வச்சுட்டுத்தான் தைப்பாங்க. மெஷின் சக்கரத்துல துணி சிக்கினா கழுத்துக்கே ஆபத்து. வெளியில இருந்து யாரும் பார்க்கக் கூடாதுன்னு திரை. அவ்வளவுதான்."

"இன்னொரு தடவை சொல்லு. மெதுவா."

சொன்னாள். எங்கே தப்பு கண்டுபிடிக்கப் போகிறாரோ என்று பயமாக இருந்தது. அவர் அடுத்த கேள்விக்குத் தாவினார்.

"அவங்க அவங்களுக்குள்ளேயேதானே பழகுறாங்க? மத்தவங்களைக் கிட்ட சேர்க்குறாங்களா?"

"அடுத்த தெரு நர்ஸம்மா வர்றாங்க. லைப்ரரிக்காரம்மா வர்றாங்க. இன்னும் ரெண்டு மெஷின் சும்மாத்தான் கிடக்கு. உங்க வீட்டுக்காரம்மாவையும் அனுப்புங்க."

நாத்தனார் சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை.

"இவ்வளவு தடவை தொழுறாங்களே, இவங்க எப்போ வேலை பார்க்குறது?"

"ஏங்க, தையல் வகுப்புக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"கேப்பாங்க. பதில் சொல்லு."

"நீங்க டீ குடிக்க எந்திரிச்சுப் போற நேரத்துல நாங்க தொழுதுட்டு வந்துடுவோம்."

"இதையும் இன்னொரு தடவை சொல்லு."

மூன்று நிமிடம் எப்போதோ முடிந்திருந்தது. நாத்தனார் சொல்லியும் அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து, மழை வரும்போல இருக்கிறது என்று சொல்கிற தினுசில் கேட்டார்.

"அவங்கள்ல நல்லவங்களே இல்லைன்னு நான் சொல்லலை. ஆனா எவன் நல்லவன்னு நாம எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

இவ்வளவு இயல்பாக ஒருவரால் நடிக்க முடியுமா? கல்யாணம் ஆன நாளிலிருந்து கூடவே இருக்கிற மனிதர். ஒரு வேளைகூடத் தவறாமல் தொழுகிறவர். இந்தப் பேச்செல்லாம் இவருக்குள் எங்கே இருந்தது? யோசிக்க யோசிக்கக் குழப்பம்தான் மிஞ்சியது.

"உங்க ஆளுங்கள்ல எவன் நல்லவன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறீங்களோ, அதே மாதிரிதான்," என்றாள்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். அவள் சொன்னதையே சொல்லிப் பார்ப்பதுபோல உதடுகள் மட்டும் அசைந்தன.

"அண்ணே, நீங்க நிஜமாவே அந்தப் பக்கம் சேர்ந்துட்டீங்களா?" என்றாள் தங்கை.

அவ்வளவுதான். அதுவரை அடக்கி வைத்திருந்தது டீச்சருக்குப் பொங்கிக்கொண்டு வந்தது.

"நான் நாளைக்குப் போய்ப் பேசுறது உங்களுக்குப் பிடிக்கலையா? பிடிக்கலைன்னா நேரா சொல்லிடுங்க. இந்தக் கேள்வியெல்லாம் உங்க மனசுக்குள்ள கிடந்துதானே வருது?"

அவர் கண்ணைத் திறந்தார்.

"இதுல ஒண்ணுகூட என்னோடது இல்லம்மா. எல்லாம் சவாரிக்கு வர்றவங்க டாக்ஸியில பின் சீட்டுல உட்கார்ந்துக்கிட்டு, நான் யாருன்னு தெரியாம என்கிட்டயே கேட்டது. இத்தனை வருஷத்துல ஒருத்தருக்கும் நான் பதில் சொன்னதில்ல," என்றார். "உனக்குக் கூட்டம் நாளைக்குச் சாயந்திரம்தான். எனக்குக் காலையில வண்டி எடுத்ததுமே ஆரம்பிச்சிடும்."