கைமாறிய கடிகாரம்

“சீக்கிரம் கழட்டு மாரித், யாராவது பார்த்துடப் போறாங்க!”

மருத்துவமனை வாசலில் நிறுத்திய காருக்குள் மீனவர் ஹால்வர் பதறினார். மாரித் தன் வலது மணிக்கட்டிலிருந்த கறுப்புக் கடிகாரத்தைக் கழற்றி, நடுங்கிக்கொண்டிருந்த கணவனின் கையில் கட்டினாள். அப்படியே அவருடைய கோட்டுக்கும் பொத்தான் போட்டுவிட்டாள். மேல் பொத்தான் இரண்டு தடவை நழுவியது.

“படபடக்காதே. உன்னால எனக்கும் கை ஓட மாட்டேங்குது.”

அது மணி பார்க்கும் கடிகாரம் அல்ல. பார்க்கின்சன் நோயாளியின் கை எவ்வளவு நடுங்குகிறது, எவ்வளவு மெதுவாக அசைகிறது என்று விடாமல் குறித்து வைக்கும் உளவாளி. ஒரு வாரம் வீட்டில் கட்டியிருந்துவிட்டுக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். அதைப் பார்த்துத்தான் ஹால்வர் இனியும் படகு ஓட்டலாமா என்று டாக்டர் கையெழுத்துப் போட வேண்டும்.

அடுத்த மாதம் லோஃபோட்டன் தீவுப் பக்கம் காட் மீன் பிடிக்கும் காலம். கடலைத் தவிர வேறு எதுவும் தெரியாத மனுஷன். படகைப் பிடுங்கினால் ஒடிந்துபோவார். அது தாங்காமல்தான் வாரம் முழுக்கக் கடிகாரத்தை மாரித் கட்டிக்கொண்டாள்.

டாக்டர் இங்குன் கடிகாரத்தைக் கணினியில் இணைத்தார். திரையில் கோடுகள் ஓடின. அவர் புருவம் சுருங்கியது.

“மாத்திரை போடறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் ஒரே மாதிரி இருக்கே. அது எப்படி?”

ஹால்வர் தொலைந்தோம் என்றே நினைத்தார்.

“மீனோட சேர்த்து முழுங்கிடறார் டாக்டர்!” மாரித் முந்திக்கொண்டாள். “நான் சொன்னா எங்க கேக்கறார்?”

“அதான் சங்கதி. சாப்பாட்டோட போட்டா மருந்து சரியா ஏறாது ஹால்வர், வெறும் வயித்துல போடுங்க.” டாக்டர் மறுபடி திரைக்குத் திரும்பினார். “மத்தபடி நான் பயந்த மாதிரி இல்லை. வலது கை லேசா நடுங்குது, அதுவும் மடியில சும்மா வெச்சிருக்கறப்ப. நடக்கறப்ப கை சரியா வீசலை. வாரம் முழுக்க இதேதான். ஆரம்ப நிலைன்னு சொல்லலாம்.”

ஹால்வர் ஆடும் கையைத் தொப்பிக்கு அடியில் மறைக்கப் பார்த்தார். டாக்டர் சிரித்துவிட்டார்.

“மறைக்காதீங்க. என் முன்னாடி உக்காந்தா எல்லாருக்கும் கொஞ்சம் அதிகமாத்தான் நடுங்கும். அதனாலதானே வீட்டுல கட்டச் சொல்றோம்!”

கையெழுத்து விழுந்தது.

வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. ஹால்வருக்கோ குளிரே உறைக்கவில்லை. போன உயிர் திரும்பி வந்த சந்தோஷம். திறந்து கிடந்த அவர் கோட்டை மாரித் இழுத்துப் பிடித்துப் பொத்தான் போடத் தொடங்கினாள்.

“கெட்டிக்காரிடி நீ! ஒண்ணுமே நடுங்கலைன்னா சந்தேகம் வரும்னு அளவா நடுக்கிக் காட்டினே பாரு, அங்கதான் நிக்கறே. டாக்டரே ஏமாந்துட்டாங்க!”

“நானா?” மாரித் நிமிர்ந்தாள். “நான் எதுவும் பண்ணலையே. குளிக்க, கொள்ள நான் கழட்டி வைக்கறப்பல்லாம் நீ எடுத்துக் கட்டிக்கிட்டேன்னுல்ல நினைச்சேன்?”

ஹால்வரின் சிரிப்பு நின்றது. மேல் பொத்தான் இன்னும் ஓட்டைக்குள் போகவில்லை. அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த மனைவியின் விரல்களையே பார்த்தார்.

“நான் அதைத் தொடவே இல்லை, மாரித்.”