சத்தம் போடும் டப்பா

ஸ்டெதாஸ்கோப்புக்குக் காது உண்டென்று உலகம் நம்புகிறது. இது கடும் பிழை. அதற்கு இருப்பவை இரவல் காதுகளே. எச்.ஐ.வி. பிரிவில் டாக்டருக்கும் நர்ஸுக்கும் பார்மசிக்கும் படிப்பவர்களை ஒன்றாகப் பழக்கிய நாளில் அதற்கு வயிறெரிந்தது. மாத்திரை சாப்பிடுவதை நிறுத்திவிட்ட நோயாளி தங்கபுஷ்பம், காரணத்தை டாக்டர் மாணவியிடம் சொல்லாமல், மாத்திரை டப்பாவைத் திறந்து பார்த்த பார்மசி மாணவனிடம் சொன்னாள்.

"நெஞ்சுவரை போய்க் கேட்டவன் நான். உன்னிடம் என்னடா ரகசியம்?" என்றது ஸ்டெதாஸ்கோப்.

"நான் குலுங்கினால் மாமியாருக்குக் கேட்டு, நோய் தெரிந்துவிடுமாம், அண்ணே," என்றது டப்பா.

நர்ஸ் மாணவி டப்பாவுக்குள் பஞ்சு திணித்தாள். சத்தம் வருகிறதா என்று கேட்க, டாக்டர் மாணவி ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி வைத்துவிட்டு டப்பாவைக் குலுக்கினாள்.

"கடைசியில் பஞ்சுக்கு வந்த வாழ்வைப் பார்!" என்று பொருமியது ஸ்டெதாஸ்கோப்.

அடுத்த மாதம், புது மாத்திரை வாங்கத் தங்கபுஷ்பம் கொண்டுவந்த டப்பாவில் பஞ்சு மட்டுமே இருந்தது.