சந்தேகத்துக்கு இடமில்லாத ஒரு கேஸ்

மின்னஞ்சல் வந்தபோது எலும்பு டாக்டர் ஒரு நோயாளியின் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். நழுவிய மூட்டு உள்ளே போய் உட்கார்ந்தது. நோயாளி போட்ட அலறலில் வராண்டாவில் காத்திருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள்.

கையைத் துடைத்துக்கொண்டு போனைப் பார்த்தார். மருத்துவ இதழில் அவர் கட்டுரையை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள்.

டாக்டருக்குத் தலைகால் புரியவில்லை. துறைத்தலைவர் நாற்காலி இந்த ஒரு கட்டுரைக்காகத்தான் காலியாகக் கிடந்தது. வெளிவந்தால் இவருக்கு, வராவிட்டால் அடுத்த அறை டாக்டருக்கு.

உடனே கட்டுரையோடு சேர்த்து மின்னஞ்சலை எல்லோருக்கும் தட்டிவிட்டார். டீனுக்கு, துறை முழுவதற்கும். அடுத்த அறை டாக்டருக்கு மட்டும், எதற்கும் இருக்கட்டும் என்று, இரண்டு தடவை.

கட்டுரை என்னவோ மனைவி எழுதியது. அதே ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே பார்த்து அறிக்கை கொடுக்கிற டாக்டர் அவள். ஆசிரியர்கள் இரண்டே பேர். முதல் பெயர் இவருடையது, உழைப்பெல்லாம் அவளுடையது. ஊர் உலகத்தில் நடக்காததா?

விஷயம் இவ்வளவுதான். வழுக்கி விழுகிறவள் தரையில் கையை ஊன்றுவாள், மணிக்கட்டு போகும். அடி விழும்போது தலையைக் காப்பாற்றக் கையைத் தூக்குகிறவளுக்குச் சுண்டுவிரல் பக்கத்து எலும்பு நடுவில் முறியும். 'விழுந்துட்டேன் டாக்டர்' என்று எவள் வந்து சொன்னாலும், விழுந்தாளா, அடிவாங்கினாளா என்பதை எலும்பே சொல்லிவிடும் என்பதுதான் கட்டுரை.

முதல் தடவை அனுப்பியபோது, இதழுக்காகப் படித்துப் பார்த்த பெயர் தெரியாத மதிப்பீட்டாளர் ஒருவர் அதில்தான் கை வைத்தார். இவர்கள் அடிவாங்கியவர்கள் என்பது உங்கள் ஊகம். அடிதான் காரணம் என்று சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரிந்த கேஸ் ஒன்றாவது உண்டா?

அன்று சாயங்காலம் வீட்டில் டாக்டர் ஆடிய ஆட்டம் கொஞ்சநஞ்சமல்ல. கீபோர்டைச் சுவரில் அடித்தார், எழுத்துகள் பல்லுப் பல்லாகத் தெறித்தன. அச்சடித்து வைத்திருந்த பிரதியைக் குறுக்கே கிழித்தார், நெடுக்கே கிழித்தார். மேசை விளக்கின் கழுத்து ஒடிந்தது. ஜன்னல் திரையைப் பிடுங்கியதில் கம்பியும் கையோடு வந்துவிட்டது. அந்த மதிப்பீட்டாளர் மட்டும் எதிரே நின்றிருந்தால் எலும்பை எண்ணியிருப்பார்.

எதிரே நின்றது மனைவி.

"அவர் கேக்கறது நியாயம்தானேங்க?" என்றாள்.

மறுநாள் ஆஸ்பத்திரி முழுக்கப் பேச்சு. எக்ஸ்ரே மேடம் குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டாராம். மாவுக்கட்டை டாக்டரே போட்டார், வேறு யாரையும் கிட்டே விடவில்லை. பெண்டாட்டி மேல் எவ்வளவு பாசம் பார் என்று நர்சுகள் உருகிப்போனார்கள்.

கட்டுப் போட்ட இடது கையை மடியில் கிடத்திக்கொண்டு, மற்றக் கையால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி அவள் கட்டுரையைத் திருத்தினாள். டாக்டர் பின்னால் நின்று விரட்டினார். இதை வெட்டு, அதை நறுக்கு, அந்தப் பத்தியைக் கொன்று போடு. 'அடி' என்று வருகிற இடத்திலெல்லாம் 'புறவிசை' என்று மாற்று, அப்போதுதான் படித்தவன் எழுதியது மாதிரி இருக்கும். அவள் ஒவ்வொன்றாக மாற்றினாள்.

"அவன் கேட்ட கேஸுக்கு எங்கடி போவ?"

"ஒண்ணு கெடைச்சிருக்கு," என்றாள் திரும்பிப் பார்க்காமல்.

டாக்டரின் கவலை அதோடு தீர்ந்தது. திருத்தி முடித்ததும், எல்லா ஆசிரியர்களுக்கும் போவதுபோல அவருக்கும் இதழிலிருந்து ஒப்புதல் கேட்டு மின்னஞ்சல் வந்தது. ஆபரேஷனுக்குக் கை கழுவப் போகிற அவசரத்தில், 'முழுவதும் வாசித்தேன், ஒவ்வொரு வரியையும் ஏற்கிறேன்' என்ற கட்டத்தைத் தட்டினார். தன் பெயர் போட்ட கட்டுரையைத் தானே உட்கார்ந்து வாசிக்கிற அளவுக்கு அவர் இன்னும் கெட்டுப்போகவில்லை.

இப்போது வந்த மின்னஞ்சலில் அதே மதிப்பீட்டாளர் புகழ்ந்து தள்ளியிருந்தார். புதிதாகச் சேர்த்த கேஸ்தான் கட்டுரையின் உயிர், இதற்கு மேல் யாரும் சான்று கேட்க முடியாது.

டாக்டர் சிரித்துக்கொண்டே அந்தப் பக்கத்தைத் திறந்தார்.

ஓர் இடது முன்கை. சுண்டுவிரல் பக்கத்து எலும்பு நட்டநடுவில் முறிந்திருந்தது. மணிக்கட்டில் ஒரு கீறல்கூட இல்லை. பெயரை மறைத்திருந்தார்கள். அவருக்குப் பெயர் தேவைப்படவில்லை, அந்த எலும்பை நேராக்கி வைத்ததே அவர்தான்.

அனுப்பியதைத் திரும்ப வாங்க வழியிருக்கிறதா என்று போனைக் குடைந்தார்.

வாசலில் நிழல் தட்டியது. அடுத்த அறை டாக்டர் நின்றிருந்தார். அவரும் எலும்பு டாக்டர்தான். அவர் போனிலும் அதே படம் திறந்திருந்தது. வாழ்த்துச் சொல்ல வந்தவர் கையை நீட்டவில்லை.

படத்துக்குக் கீழே சின்ன எழுத்தில் இரண்டு வரி. 'புறவிசை' என்று மாற்றாமல் அவள் விட்டுவைத்த ஒரே இடம்.

காரணம்: கணவர் திரைக் கம்பியால் அடித்தது. அடிபட்டவர், அடித்தவர் இருவரும் இந்த வரியை வாசித்து ஒப்புதல் அளித்திருக்கிறார்கள்.