நில்டா விரித்த துணி

டப்பாவின் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள் ஜோதி.

ஆம்பூர் ஷூ கம்பெனியின் சைக்கிள் ஷெட்டில், சிவப்பும் நீலமுமாகக் கோடு போட்ட கம்பளித் துணியை விரித்துக்கொண்டிருந்தாள் நில்டா. துணியில் எண்ணெய் படாமலிருக்க, கூட வேலை செய்யும் மெஹக் அதன்மேல் வாழை இலைகளைப் பரப்பினாள்.

நில்டா பொலிவியா நாட்டுக்காரி. அங்கே மலைமேல் வாழும் அய்மாரா சனத்தில் பிறந்தவள். ஷூ தைக்கும் வேலை பழக வந்தவளுக்கு இன்றோடு பயிற்சி முடிகிறது.

போவதற்கு முன் தங்கள் வழக்கப்படி எல்லாரும் ஒரு வேளை சேர்ந்து சாப்பிட வேண்டும் என்று கேட்டிருந்தாள்.

தட்டு கிடையாது. அவரவர் கொண்டுவந்ததை நடுவில் கொட்டிவிட வேண்டும். கொட்டிய பிறகு என்னுடையது, உன்னுடையது என்று பிரிக்கக் கூடாது. வயல் வேலையானாலும் ஊர்க் கூட்டமானாலும் அவர்கள் பக்கம் அப்படித்தானாம். எடுத்துச் சாப்பிடாதவருக்கு அங்கிருப்பவர்களின் உறவு வேண்டாம் என்று அர்த்தமாம்.

நில்டா அரைகுறை இங்கிலீஷில் சொன்னதை மெஹக் எல்லாருக்கும் தமிழில் சொன்னாள்.

அதைக் கேட்டதிலிருந்தே ஜோதிக்கு நிலைகொள்ளவில்லை.

நில்டாவின் ஊரில் உருளைக்கிழங்குதான் உயிர் என்பதால், காலையில் எழுந்ததும் அதையே வறுத்தாள். வறுத்து முடித்ததும் பேசாமல் லீவு போட்டுவிடலாமா என்றிருந்தது. புருஷன் செல்வகுமார்தான் சமாதானம் சொல்லி, வண்டியில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனான்.

பயமெல்லாம் அம்பிகாவை நினைத்துத்தான்.

லைனிங் ஒட்டும் மேஜை அம்பிகாவுக்கு. ஜோதியின் மிஷினுக்கு நேர் எதிரே. 'காலனிப் பையனைக் கட்டிக்கொண்டு காலனிக்கே குடிபோனவளின் கைச்சோறு எனக்கு ஆகாது' என்று, தையல் பகுதி முழுக்கக் கேட்கும்படி சொன்னவள் அவள். அன்றிலிருந்து ஜோதி சுவரைப் பார்த்து உட்கார்ந்துதான் சாப்பிடுகிறாள்.

மெஹக் சமோசாக்களை அடுக்கினாள். யாரோ சுண்டலைக் கொட்டினார்கள். யாரோ எலுமிச்சம்பழச் சோற்றை உருண்டை பிடித்து வைத்தார்கள். ஜோதி தன் டப்பாவைச் சத்தமில்லாமல் மெஹக்கின் பக்கம் தள்ளினாள்.

மெஹக்குக்குப் புரிந்தது. கிழங்கை அவளே நடுவில் கொட்டி, காலி டப்பாவை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

அம்பிகா அப்போதுதான் கை கழுவிவிட்டு வந்தாள். எட்டத்திலேயே நின்றாள்.

நில்டாவுக்கு இந்தப் பகையெல்லாம் தெரியாது. எழுந்துபோய் அம்பிகாவின் கையைப் பிடித்து இழுத்துவந்து, ஜோதிக்கு எதிரிலேயே உட்காரவைத்தாள்.

அம்பிகா தான் கொண்டுவந்த கேழ்வரகு அடையை இலையில் வைத்தாள். அதிலேயே ஓரத்தைப் பிய்த்து மென்றாள். வேறெதையும் தொடவில்லை.

எழுந்து போய்விடலாமா என்று ஜோதி பார்த்தாள்.

நில்டா ஒரு கிழங்குத் துண்டை வாயில் போட்டுக் கண்ணை மூடினாள். பிறகு இன்னொரு துண்டை எடுத்து, சிரித்துக்கொண்டே அம்பிகாவின் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள்.

எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்பிகாவுக்கு வேறு வழியில்லை. வாயில் போட்டாள்.

இரண்டு தடவை மென்றவளின் தாடை அப்படியே நின்றது.

துப்பிவிடுவாளோ? நில்டா ஆசையாக விரித்த துணியில், இத்தனை பேருக்கு எதிரில் துப்பிவிட்டால்? ஜோதி இலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"இத்த யாரு செஞ்சது?"

மெஹக் முந்திக்கொண்டாள். "நாந்தான்க்கா."

அம்பிகா மெதுவாக விழுங்கினாள்.

"பொய் சொல்லாத மெஹக். எறக்கறப்ப சோம்ப வறுத்துப் பொடிச்சுத் தூவறது எங்க வூட்டுப் பழக்கம். நாந்தான் சொல்லிக் குடுத்தேன்."

யாரிடம் சொல்வது என்று தெரியாதவள்போல நில்டாவைப் பார்த்தாள், மெஹக்கைப் பார்த்தாள், தகரக் கூரையைப் பார்த்தாள். எதிரில் உட்கார்ந்திருந்த, தான் பெற்ற மகளை மட்டும் பார்க்கவில்லை.

கை மட்டும் நடுவில் போய் இன்னொரு துண்டை எடுத்தது.